இச்சிரானில் தனி ஆள்

கேள்வி: அடுத்த மாதம் ஃபுகுவோகா போகிறேன். இச்சிரான் ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடைக்குத் தனியாகப் போகலாமா? ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. – வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போங்கள். தனி ஆளுக்கென்றே அமைத்த கடை அது. இரண்டு பக்கமும் தடுப்பு, எதிரே மூங்கில் திரை. கிண்ணத்தை நீட்டும் கையைத் தவிர யாரையும் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் உள்ள இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுங்கள். அப்புறம் ஒரு தாள் தருவார்கள், ஆங்கிலத்திலும் கிடைக்கும். பூண்டு எவ்வளவு, நடுவில் மிதக்கும் சிவப்பு மிளகாய்க் கலவை எவ்வளவு என்று வட்டம் போட வேண்டியதுதான். மிளகாயை இரட்டிப்பாகவே கேளுங்கள், நம் நாக்கு தாங்கும். நூடுல்ஸ் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும். ஃபுகுவோகாவின் ஹகாட்டா பகுதி நூடுல்ஸ் சேமியா போல மெல்லிசு, சூப்பில் சீக்கிரம் குழைந்துவிடும். அதனால்தான் முதலில் குறைவாக வைக்கிறார்கள். சூப்பைக் குடித்துத் தீர்த்துவிடாமல் ‘கயேதாமா’ கேட்டால் நூடுல்ஸ் மட்டும் சுடச்சுட வரும், தனிக் காசு. சர்ரென்று உறிஞ்சலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். டிப்ஸ் பழக்கம் அங்கே கிடையாது.

பன்றி சாப்பிடுவீர்கள்தானே? சூப்பே பன்றி எலும்பைக் கொதிக்கவைத்து எடுப்பது. மேலே உள்ள இறைச்சித் துண்டை ஒதுக்கிவிட்டுச் சமாளிக்க முடியாது.