இணையத்தில் வாங்கிய மிக்ஸி ஓடவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

பினாங்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மிக்ஸி ஓடவில்லை, விற்றவர் பணம் தர மறுக்கிறார்.

முதலில், வாங்கிய இணையத் தளத்தில் உள்ள ‘பொருள் கிடைத்தது’ பொத்தானைத் தொடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். தொட்டால் தளம் பிடித்துவைத்த பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையைத் தளத்திலேயே போடுங்கள். விற்றவர்கள் வாட்ஸ்அப்பில் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று இழுத்தடித்தே தளத்தின் கெடுவைத் தாண்டவைப்பார்கள். பிளக் செருகி, சுவிட்சைத் திருகியும் மோட்டார் அசையாததை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பார்சல் சீட்டும் அதில் தெரியட்டும்.

அதுவும் பலிக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். விற்றவரின் முகவரி இல்லாமல் மனு நகராது; கடைப் பெயரையும் எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண்ணையும் இப்போதே படம்பிடித்து வையுங்கள்.

விற்றவர் வியாபாரி இல்லை, வீட்டுப் பழைய சாமானைத் தள்ளிவிட்ட தனியாள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குதான், 5,000 ரிங்கிட் வரை.