நாட்டுப்புறப் பாட்டு என்று எதை வைத்துச் சொல்வது?

"பறை, உறுமி சத்தம் கேட்டாலே பாட்டுச் செயலிகள் நாட்டுப்புறம் என்று வகை பிரித்துவிடுகின்றன. உண்மையான இலக்கணம் என்ன?" இதுதானே கேள்வி.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். பாடுகிறவர் வரியை மாற்றினால் கேட்கிறவர் தப்பு என்பாரா, மாட்டாரா?

சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா ஒப்பாரிக்குப் பேர் போனவர். ஒருநாள் போனில் பதிந்துவைக்கலாம் என்று பாடச் சொன்னேன். அடிக்காத குறை. "எழவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா வெளங்குமாடா?" அத்தோடு இன்னொன்றும் சொன்னார்: "யாருக்குன்னு தெரியாம என்னத்தச் சொல்லி அழுவுறது?" எழவு வீட்டுக்குள் நுழையும்போதே செத்தவர் யாருக்கு என்ன முறை, பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்ததா, எந்தத் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தான் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் உட்காருவாராம். மெட்டு பழசு, இழுவை பழசு, வரிகள் அந்த வீட்டுக்கானவை. மதினியைக் குத்திக்காட்ட வேண்டுமென்றால் அதுவும் ஒப்பாரியிலேயே வந்துவிடும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாத மருமகளுக்கு அன்று யாரும் தடை சொல்ல முடியாது.

கடைசியில் தாலாட்டுதான் பாடிக்கொடுத்தார். மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் தங்கத் தொட்டிலுக்கு அடுத்து டேப்ரிக்கார்டர் வந்தது! எனக்குப் பாடியபோது மாமா சிங்கப்பூரில் இருந்தாராம். என் தங்கை மகனுக்குப் பாடியபோது அது செல்போன் ஆகிவிட்டது.

1954இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் கூடிய சர்வதேச நாட்டுப்புற இசை மன்றமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. வாய்வழியாக வர வேண்டும், பழசோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது, பாடுகிறவர் கையில் மாற வேண்டும், எது நிலைக்கும் என்பதை ஊர் முடிவு செய்ய வேண்டும். எழுதியவர் பெயர் தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, ஊர் அதை எடுத்துத் தன் போக்கில் மாற்றிக்கொண்டால் போதும். வெளியிலிருந்து வந்த பாட்டை அப்படியே மாற்றாமல் பாடிக்கொண்டிருந்தால் அது இதில் சேராது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால், உறுமி அடித்தாலும் சினிமாக் குத்துப்பாட்டு என் கணக்கில் வராது. அதே மெட்டில் திருவிழாவில் எவனாவது நம் ஊர்ச் சங்கதியை ஏற்றிப் பாடினால் வரலாம்.

வேலையோடு ஒட்டியிருப்பதையும் ஓர் அடையாளமாகச் சொல்வார்கள். கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டுக்கு அது பொருந்தும். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டுக்குள் ஓடும். பம்புசெட் வந்ததும் ஏற்றத்தோடு பாட்டும் போயிற்று. ஆனால் எல்லா வகைக்கும் இதைப் பொருத்த முடியாது. கும்மி என்ன வேலைக்காக?

தொகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நா. வானமாமலை போன்றவர்கள் தேடித் தொகுக்காவிட்டால் பாதி காணாமல் போயிருக்கும். அச்சில் இருப்பது யாரோ ஒருவர் ஒருநாள் பாடியது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். பள்ளிப் போட்டி ஒன்றில் என் அக்கா மகள் தாலாட்டில் தன் தம்பி பெயரைச் சேர்த்துப் பாடினாள். "வரி பிசகிவிட்டது" என்று மதிப்பெண் குறைத்தார்கள்.

என் அளவுகோலுக்கு அடங்காதது காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியது. காவடி தூக்குகிறவர்கள் ஆடிவந்த நடையில் அமைந்த மெட்டு, ஆனால் சொல்லை யாரும் தொடுவதில்லை, கச்சேரியிலும் அப்படியேதான் பாடுகிறார்கள். இதை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.