மறுமொழி: மினுக்குத் துகள் போகவே மாட்டேன் என்கிறது

தோழி, அடர்சிவப்பு மினுமினுப்பு நகப்பூச்சைச் சுரண்டியதில் நகம் உரிந்து, மஞ்சள் கறையும் படிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் சுரண்டுவதை நிறுத்துங்கள். துகளோடு நகத்தின் மேலடுக்கும் பெயர்ந்து வருகிறது.

நகப்பூச்சை அகற்றும் திரவமான அசிட்டோன், பூச்சைத்தான் கரைக்கும். மினுக்குத் துகள்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அவை அப்படியே நிற்கும். எனவே தேய்க்காமல் ஊறவையுங்கள். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி 10 நிமிடம் விடுங்கள். பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்து, நுனிப்பக்கமாக ஒரே இழுப்பு. துகள்கள் பஞ்சோடு வந்துவிடும். அடுப்பருகே மட்டும் செய்யாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

மஞ்சள் கறை, பூச்சிலுள்ள சிவப்புச் சாயத்தால் வந்தது. நகம் வளர வளரப் போய்விடும். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வார்கள். உரிந்த நகத்தில் எரியும், வேண்டாம்.

அந்த நிறத்தை விட்டுவிடாதீர்கள். வெயிலில் விரலைத் திருப்பினால் கருஞ்சிவப்புக்குள் செம்பொறி தெறிக்கும் அழகே தனி! நகம் தேறியதும் நிறமற்ற அடிப்பூச்சு கட்டாயம். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள், குமிழி வராது. மெல்லியதாக இரண்டு பூச்சு, முதலாவது காய்ந்த பிறகே அடுத்தது. சொரசொரப்பு தெரிந்தால் மேற்பூச்சைத் தாராளமாகவே போடுங்கள்.