ரேகை விழாத விரல்

கேள்வி: எனக்கு மூன்று மகன்கள். மூத்தவன் இன்ஜினியரிங் முடித்து சென்னையில் ஒரு கம்பெனியில் மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறான். அது அவன் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடுகிறது. நடுவுள்ளவன் பத்தாவது பாஸ் செய்ததோடு நின்று, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்குப் போய்விட்டான். 23 வயதில் மாதம் 24,000 கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறான். மூத்தவனுக்கு வாங்கிய கல்விக்கடன் தவணையும் இவன் காசில்தான் போகிறது. ரேஷன் கடை மெஷினில் இவன் ரேகை மட்டும் விழமாட்டேன் என்கிறது, அதனால் எப்போதும் நானேதான் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பையன் பிளஸ் டூவில் 600-க்கு 521 எடுத்திருக்கிறான். மூத்தவனைப் படிக்கவைத்து என்ன கண்டோம்? இவனையும் பட்டறைக்கே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
– ஒரு தாய், காரைக்குடி அருகே

பதில்: சரியில்லை அம்மா. சம்பளக் கணக்கை விட்டுவிடுங்கள், முதலில் அந்த ரேகை விஷயத்தைப் பேசுவோம். கடை வரிசையில் நிற்கும் சிரமத்தைச் சொல்ல வந்த இடத்தில் அதை எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. 23 வயதுப் பிள்ளைக்கு விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. ஏன் என்று ஒரு நாளாவது அவன் கையைப் பிடித்துப் பார்த்தீர்களா?

அந்த வேலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே காய்ந்த கலவையைத் தூவி, அதற்கும் மேலே சாந்தை வைத்து அழுத்தி மட்டம் பார்க்க வேண்டும். சூளை கிடையாது, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம் உள்ளது, தோலை அரிக்கும். மணல் தேய்க்கும். அதில் இருக்கும் குரோமியம் சிலருக்குத் தீராத அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும். பதினாறு வயதிலிருந்து அதில் கை வைத்தவனுக்கு ரேகை எங்கிருந்து விழும்? நீங்கள் பெருமையாக எழுதிய 24,000 ரூபாயில் ஒரு பகுதி அந்தத் தோலிலிருந்து வருகிறது.

அருமையான கைவேலை அது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நம் ஊர் வீடுகளில் தலைமுறை தாண்டி நிற்கிற தரைகள் அவை. ஆனால் கூலி கல்லுக்கு இவ்வளவு என்றுதானே? இத்தனை வருட அனுபவத்துக்கு இவ்வளவு என்று யாரும் சேர்த்துத் தருவதில்லை. 23 வயதில் ஒரு நாளில் எத்தனை கல் செய்கிறானோ, 33 வயதிலும் அத்தனைதான். 45 வயதில் முதுகும் முழங்காலும் ஒத்துழைக்காதபோது எண்ணிக்கை இறங்கும், வருமானமும் கூடவே இறங்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, செலவு உச்சத்தில் நிற்கும் வயது அது.

படிப்பு, வயது, வருமானம் மூன்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தவர் ஜேக்கப் மின்சர் என்ற பொருளாதார அறிஞர். 1974-ல் அவர் எழுதியது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. படிக்காதவர் சீக்கிரம் சம்பாதிக்க ஆரம்பிப்பார், அந்த வருமானம் சீக்கிரமே ஒரே மட்டத்தில் நின்றுவிடும். படித்தவர் தாமதமாகத் தொடங்குவார், ஆனால் நாற்பது, ஐம்பது வயது வரை ஏற்றம் இருக்கும். அமெரிக்க அரசின் 2023 கணக்கில், பள்ளிப் படிப்பை முடிக்காதவரின் வாரச் சம்பளம் நடுமதிப்பில் 708 டாலர், பள்ளி முடித்தவருக்கு 899, இளநிலைப் பட்டதாரிக்கு 1,493. அது அவர்கள் ஊர்க் கணக்கு, இங்கே அப்படியே பொருந்தாது. நம் நாட்டில் வேலை இல்லாதோர் விகிதம் பட்டதாரிகளிடம்தான் அதிகம். படிக்காதவர் வேலைக்காகக் காத்திருக்க முடியாது, கிடைத்ததைச் செய்தாக வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே பட்டம் வாங்கியதுமே பணம் கொட்டும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒருவன் தொடங்கும் இடத்தையும் இன்னொருவன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் இடத்தையும் ஒரே மாதச் சம்பளத்தில் ஒப்பிட்டு, மூன்றாமவன் தலையெழுத்தை எழுதப் பார்க்கிறீர்கள்.

நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. பர்மாவில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் பையன்கள் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலை எடுபிடியாகத்தான் போய் இறங்கினார்கள். சொற்பச் சம்பளம். கணக்கு எழுதப் பழகி, மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள் ஆனார்கள், அப்புறம் கடையையே நடத்தும் மேலாள். வயது ஏற ஏறச் சம்பளமும் ஏறியது, ஏனென்றால் அந்த வேலைக்குள் படிகள் இருந்தன. பெட்டியடியில் இருந்தவனின் முதல் வருடச் சம்பளத்தைப் பார்த்து, இவன் உருப்பட மாட்டான் என்று எந்தத் தாயும் கடிதம் எழுதியிருக்க மாட்டாள். நடுவுள்ளவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அடுத்த படி எது? அதைச் சொல்ல முடியாவிட்டால் இன்னொரு பிள்ளையை அதே இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

மூத்தவன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. 18,000 குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன் படிப்புக்கு வாங்கிய கடனைப் பத்தாவதோடு நின்ற தம்பி கட்டுவதை ஒரு ஆண்பிள்ளை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? ரூமில் நாலு பேரோடு ஐந்தாவதாகப் படுக்கட்டும், வெளிச்சாப்பாட்டைக் குறைக்கட்டும். வட்டி அளவுக்காவது இந்த மாதமே அவன் அனுப்ப வேண்டும், சம்பளம் ஏற ஏறத் தவணை முழுவதும் அவன் தலையில். தம்பி இதுவரை கட்டியதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், அண்ணன் திருப்பித் தர வேண்டிய கடன் அது. ஒருவன் உழைப்பை இன்னொருவன் உண்டுகொண்டிருந்தால், அம்மா கண்ணை மூடிய மறுநாள் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகும். எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்.

கடைசிப் பையனைப் பொறுத்தவரை ஏன் இவ்வளவு யோசனை? காரைக்குடியிலேயே அழகப்பா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1947-ல் அழகப்பச் செட்டியார் தொடங்கியது, இன்று அரசுக் கல்லூரி. கட்டணம் உங்களைக் கலங்கவைக்கும் அளவு இருக்காது, வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 521 மார்க் எடுத்தவன் பி.காம். சேர்ந்து, கூடவே டேலி என்ற கம்ப்யூட்டர் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் பழகட்டும். அண்ணனுக்கு வேலை சரியாக அமையவில்லை என்றால் அவன் எந்தப் பாடம் படித்தான், என்ன தெரிந்துகொண்டான் என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். அதற்கான தண்டனை தம்பிக்கு எதற்கு?

இனி நடுவுள்ளவன். கடிதத்தில் அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இந்த வாரமே காரைக்குடி அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கையுறை போட்டுச் செய்யக்கூடிய வேலைகளுக்கு அது இல்லாமல் கை வைக்கக்கூடாது என்று பட்டறை முதலாளியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பத்தாவது பாஸ் செய்தவன், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக வேலையில் இருந்துகொண்டே பன்னிரண்டாவது எழுதலாம். அளவெடுக்க, எஸ்டிமேட் போட, ஆர்டர் பிடிக்க இப்போதிருந்தே பழகட்டும்; முப்பது வயதுக்குள் அவன் தரையிலிருந்து எழுந்து வேலை வாங்குகிறவனாக வேண்டும். அவன் தரும் காசில் மாதம் 5,000 அவன் பெயரில் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுங்கள். பாஸ்புத்தகம் அவன் கையில் இருக்கட்டும், வீட்டுச் செலவு என்று சொல்லி நீங்கள் தொடக்கூடாது.