மத்தி இல்லாத பாஸ்தாவும் மரத்துப்போகும் பாதங்களும்

கேள்வி: நாங்கள் சிசிலியின் பலெர்மோ நகரில் நெடுநாளாக வசிக்கும் இலங்கைத் தமிழர்கள். எனக்கு வயது 56. நீரிழிவுக்குப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மீன், முட்டை, பால், சீஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இந்தத் தீவின் சமையலையே வீகன் முறையில் செய்து சாப்பிடுகிறேன். எடையும் சர்க்கரையும் குறைந்திருக்கின்றன. ஆனால் சில மாதங்களாக இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. சில நேரம் மரத்தும் போகிறது. உணவில் ஏதாவது குறைகிறதா? இரண்டு வயதுப் பேரனுக்கும் இதையே கொடுக்கலாமா?

பதில்: முதலில் பாதங்களைக் கவனிப்போம். நீரிழிவு உள்ள ஒருவர் கால் மரத்துப்போகிறது என்றதும், சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். உங்கள் விஷயத்தில் நான் அப்படி மூடமாட்டேன். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்குக் குடல் பி12 வைட்டமினை உறிஞ்சும் திறன் குறையும். உங்களுக்கோ இரண்டு ஆண்டுகளாக உணவிலிருந்தும் அந்த வைட்டமின் வரவில்லை. கல்லீரல் தன் சேமிப்பைக் கொண்டு சில காலம் சமாளிக்கும். அதன்பின் நரம்புகள் முறையிடத் தொடங்கும்.

எனவே இந்த வாரமே இரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். முடிவு எல்லைக்கோட்டில் இருந்தால் ஹோமோசிஸ்டீன், மீதைல்மலோனிக் அமிலம் ஆகிய பரிசோதனைகளும் தேவைப்படும். இரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருந்துக்கடையில் பி12 மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்; முடிவு குழம்பிவிடும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அடங்கிவிடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் கீரையிலும் பயறுகளிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஏராளம். அது பி12 குறைவால் வரும் இரத்தச்சோகையை மறைத்துவிடும். நரம்புச் சேதமோ நிற்காது. குறைபாடு உறுதியானால் ஊசியா மாத்திரையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி சமையலறைக்கு வருவோம். சிசிலியின் ஏழை வீட்டுச் சமையலில் பெரும்பகுதி, வீகன் என்ற பெயர் வருமுன்பே அப்படித்தான் இருந்தது. கத்தரிக்காயும் செலரியும் சேர்ந்த கப்போனாத்தா, உலர்ந்த ஃபாவா அவரையைக் குழைய வேகவைத்த மாக்கோ, கொண்டைக்கடலை மாவில் பொரித்தெடுக்கும் பனெல்லே எல்லாம் அந்த வகை. சீஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் ரொட்டித் தூளை எண்ணெயில் சிவக்க வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவினார்கள். மத்தி வாங்க முடியாத நாளில் காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை ஆகியவற்றை மட்டும் போட்டுச் சமைத்து, மத்தி இன்னும் கடலில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பரிமாறினார்கள். இல்லாமையைக் கிண்டலாக்கும் அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் வறுத்த ரொட்டித் தூள் சீஸின் ருசியை ஈடுகட்டுமே தவிர, அதன் கால்சியத்தையும் பி12ஐயும் ஈடுகட்டாது. 100 கிராம் மத்தியில் ஏறத்தாழ 9 மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்; ஐரோப்பிய அளவுகோலின்படி 4. அந்தக் குடும்பங்களுக்கு இன்று இல்லாவிட்டாலும் இன்னொரு நாள் நெத்திலியோ, முட்டையோ, செம்மறிப் பால் சீஸோ கொஞ்சம் வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டில் மத்தி என்றைக்கும் கடலில்தான் இருக்கப்போகிறது. ஆகவே சிகிச்சை முடிந்த பிறகும், வீகனாக இருக்கும் வரை பி12 மாத்திரை உங்களுக்கு விலக்க முடியாதது. பி12க்காக ஸ்பைருலினா என்ற நீர்ப்பாசித் தூளையோ கடற்பாசியையோ நம்பாதீர்கள்.

பால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சிசிலியின் பாதாம் பால் பெயர்பெற்றதுதான். ஆனால் அது பெரும்பாலும் சர்க்கரைப் பானம். வீட்டில் அரைத்து வடிகட்டியதில் கால்சியம் மிகச் சொற்பம். கால்சியமும் பி12உம் சேர்த்த சோயா பாலை வாங்குங்கள். பெட்டியின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்: பயோ, அதாவது இயற்கை வேளாண் முத்திரை உள்ளவற்றில் இவற்றைச் சேர்க்க ஐரோப்பிய விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம்.

சர்க்கரை குறைந்தது நல்ல செய்தி. ஆனாலும் பாஸ்தாவின் மேல் ரொட்டித் தூள் என்பது மாவின் மேல் மாவு. பாஸ்தாவைப் பாதியாக்கி, மீதியைக் கொண்டைக்கடலையாலும் கீரையாலும் நிரப்புங்கள். கப்போனாத்தாவுக்குக் கத்தரிக்காயைப் பொரிக்காமல் ஓவனில் சுட்டுச் சேர்க்கலாம். சர்க்கரையைக் குறைத்து வினிகரைத் தூக்கலாக விடுங்கள். உப்பில் புதைத்து விற்கும் கேப்பர் மொட்டுகளை இரண்டு முறை நீர் மாற்றி ஊறவையுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் நம் பழக்கம் பயறுகளிலுள்ள இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

பேரனுக்கு வருகிறேன். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது பாட்டி தனியாக எடுக்கக்கூடிய முடிவு அல்ல. பெற்றோரும் குழந்தை மருத்துவரும் கலந்து பேசட்டும். அதைவிட அவசரமானது மாக்கோ. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் ஃபாவா அவரை சாப்பிட்டால் சிவப்பணுக்கள் திடீரென்று உடையலாம். பச்சைக் காயில் ஆபத்து அதிகம். உலர்ந்ததும் வெந்ததும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மலேரியா நெடுங்காலம் வாட்டிய ஊர்களில் இந்தக் குறைபாடு கூடுதல். சிசிலி, சார்டீனியா மக்களிடம் மட்டுமல்ல, நம்மவர்களிடமும் உண்டு. ஆண் குழந்தைகளையே பெரிதும் பாதிக்கும். பிறந்தபோது மஞ்சள் காமாலைக்காக அவனை ஒளிச் சிகிச்சையில் வைத்திருந்தார்களா என்று மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். எப்படியானாலும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கும்வரை ஃபாவா வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு ஓரிரு நாளில் முகம் வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கொண்டைக்கடலையில் இந்தச் சிக்கல் இல்லை. உப்பைக் குறைத்துப் பனெல்லே செய்து கொடுக்கலாம். பைன் கொட்டை, பாதாம் ஆகியவற்றை மட்டும் முழுதாகக் கொடுக்காமல் அரைத்துச் சேருங்கள்; இந்த வயதில் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.