ஆண்டனி ஆகிவிடுவேனோ என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளிக்கக்கூடப் போகாமல் உங்கள் கேள்வியைப் படித்தேன். மதுரையில் ஆறு வருடம் ஐசியூ நர்ஸ். மான்செஸ்டர் வந்து மூன்று மாதம். கேட்டது ஐசியூ, கொடுத்தது முதியோர் வார்டு. "அங்க டாக்டரே என்னைக் கேட்டுட்டுத்தான் செய்வார், இங்க ஒரு மாத்திரை கொடுக்கக் கை நடுங்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை எந்தப் பக்கம் குறைவு, கார் இப்போதே வாங்கலாமா, மனைவியை எப்போது அழைக்கலாம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: "நானும் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ரசிகன்தான் அண்ணா. வேற கிளப்புல வெளுத்துக் கட்டினவங்க பெரிய கிளப்புக்கு வந்ததும் ஏன் சொதப்புறாங்க? நானும் ஆண்டனி மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு."

அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். வாடகை, கார் எல்லாம் சொல்லித்தர இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

சரி, ஆண்டனியையே எடுப்போம். 2022-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பிலிருந்து யுனைடெட் எட்டு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அயாக்ஸ் சின்ன கிளப் இல்லை, நான்கு முறை ஐரோப்பிய சாம்பியன். ஆனால் அவர்கள் வாராவாரம் ஆடுகிற லீக் வேறு. பெரும்பாலான எதிரணிகள் தங்கள் கோலை அடைத்துக்கொண்டு நிற்கும், பந்து அயாக்ஸிடமே இருக்கும். ஆண்டனி வலது ஓரத்தில் நின்றால் போதும், பந்து காலடிக்கு வந்துவிடும். நிறுத்தி, ஒரு ஆட்டு ஆட்டி, இடது காலுக்கு மாற்றி அடிக்க அவகாசம் இருந்தது. இங்கே வந்தும் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒரு கோல் போட்டார், அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்புறம் இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர்களுக்கு அந்த இடது கால் பாடமாகிவிட்டது. உள்ளே திரும்புகிற வழியை மறித்தால் அவருக்கு வேறு வழி இல்லை. 2025 ஜனவரியில் கடனாக ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்குப் போனார். அதே மனிதர், அதே இடது கால். பெட்டிஸ் அந்த வருடம்தான் முதல் முறையாக ஓர் ஐரோப்பிய இறுதியாட்டத்துக்கே போனது. மூன்று வாரத்தில் ஆளா மாறிவிட்டார்?

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஃபோர்லான்.

நான் இங்கே வந்தது 2002 ஆகஸ்ட் கடைசியில். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் இன்சார்ஜாக இருந்தேன். உருகுவேக்காரர் டியேகோ ஃபோர்லான் எனக்கு ஏழெட்டு மாதம் சீனியர். அர்ஜென்டினாவின் இன்டிபெண்டியன்டேயில் கோலாகப் போட்டுவிட்டு 2002 ஜனவரியில் யுனைடெட்டுக்கு வந்தவர். நான் வந்து இறங்கியபோது இன்னும் ஒரு கோல்கூடப் போடவில்லை. எங்கள் வார்டு போர்ட்டர்கள் யாராவது குறி தவறிக் குப்பையைக் கூடைக்கு வெளியே எறிந்தால் "ஃபோர்லான்!" என்று கத்துவார்கள். செப்டம்பரில் மக்காபி ஹைஃபாவோடு ஆட்டம். ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது, கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்ட்டி, போனால் போகட்டும் என்று அவரிடம் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து முதல் கோல்.

எனக்கு அந்தப் பெனால்ட்டிகூடக் கிடைக்கவில்லை. அப்போதெல்லாம் எங்களை 'அடாப்டேஷன்' என்று சில மாதம் ஒரு மென்டருக்குக் கீழே விடுவார்கள். பதிவு எண் வரும்வரை நர்ஸ் இல்லை, உதவியாள். சம்பளமும் அப்படித்தான். நாகர்கோவிலில் கைக்குழந்தைக்கோ கிழவருக்கோ நரம்பு கிடைக்கவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் என்னைத்தான் எழுப்புவார்கள். இங்கே முதல் வாரம் ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான், அதாவது நரம்பில் செருகும் ஊசிக்குழாய், போடப் போனேன். மென்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கோபமாக இல்லை, குழந்தை அடுப்புப் பக்கம் போனால் பிடிப்போமே, அப்படி. இங்கே அதற்குத் தனிப் பயிற்சி முடித்து, ஒருவர் பார்க்கப் பலமுறை போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் தொடலாமாம். அதுவரை குளிப்பாட்டு, ஊட்டு, திருப்பிப் படுக்கவை, எல்லாவற்றையும் எழுது.

மொழி இன்னொரு கூத்து. ஒரு பெரியவர், "எனக்கொரு ப்ரூ கிடைக்குமா?" என்றார். அடடா, நம்ம ப்ரூ காபி இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப் போய், நல்ல திக்காகப் பால் விட்டு ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். மான்செஸ்டரில் ப்ரூ என்றால் டீ. இப்போது என் பிள்ளைகளே வீட்டில் "அப்பா, ப்ரூ?" என்றுதான் கேட்கிறார்கள்.

நவம்பரில் சவுத்தாம்ப்டனோடு ஆட்டம். ஃபோர்லான் கடைசியில் அருமையான ஒரு கோல் போட்டு ஜெயிக்கவைத்தார். சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றிவிட்டார், திரும்பப் போட முடியவில்லை. உள்பக்கம் வெளிப்பக்கம் சிக்கி, கை நுழையவில்லை. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. மனிதர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் குளிரில் வெற்று உடம்போடு ஓடிப் பந்தைப் பறிக்கப் போனார். விடுதியின் பொது அறையில் கேரளத்துப் பிள்ளைகள், பிலிப்பினோக்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அறைக்குப் போய்ப் படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உங்கள் விஷயம். பழைய இடத்தில் பந்து உங்களைத் தேடி வந்தது, தம்பி. ஜாக் கிரீலிஷ் ஆஸ்டன் வில்லாவில் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து அதே கிளப், அப்புறம் கேப்டன், அணி மொத்தமும் அவர் வழியாக ஆடும். இழுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். 2021-இல் பத்து கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. அங்கே பயிற்சியாளர் கார்டியோலா சொன்னது வேறு: இடது ஓரக் கோட்டில் நில், பந்து வந்தால் வைத்திரு, வழி இல்லையென்றால் திருப்பிக் கொடு, அவசரப்படாதே. முதல் சீசனில் லீக்கில் மூன்றே கோல். நினைத்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் அதே ஆள், அதே ஓரத்தில் நின்று, சிட்டி மூன்று கோப்பை வென்ற அணியில் ஆடினார். வில்லாவில் பார்த்த கிரீலிஷ் இவரில்லை என்று குறைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. பத்துப் பேர் தன்னைப் போலவே நன்றாக ஆடுகிற இடத்தில் தன் ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேறொரு திறமை வேண்டும். மதுரையில் நீங்கள்தான் ஐசியூ. இங்கே பிசியோ வேறு, ஃபார்மசிஸ்ட் வேறு, காயம் பார்க்கிற நர்ஸ் வேறு. உங்கள் பங்கு குறைந்ததை உங்கள் மதிப்பு குறைந்ததாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு போட்ட இடத்தில் கிடங்கள் என்று சொல்லவில்லை. டோனி வான் டி பீக் 2020-இல் யுனைடெட்டுக்கு வந்தார், முதல் ஆட்டத்திலேயே கோலும் போட்டார். அவர் ஆடுகிற இடத்தில் புரூனோ ஃபெர்னாண்டஸ் ஏற்கெனவே இருந்தார், புரூனோ உட்காருகிற ஜாதி இல்லை. பிறகு எதற்கு வாங்கினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நல்ல வருடங்கள் பெஞ்சில் போயின. "ஆறு மாதம் முதியோர் வார்டு, அப்புறம் ஐசியூ" என்று உங்களிடம் வாயால்தானே சொன்னார்கள்? இன்றைக்கே மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். பணிவாக, இரண்டு வரி, தேதியோடு. எழுத்தில் இல்லாதது இந்த நாட்டில் நடக்கவே இல்லை.

உங்களை வீடியோவில் இன்டர்வியூ செய்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். வில்ஃப்ரிட் ஸாஹாவை 2013 ஜனவரியில் வாங்கியவர் அப்போதைய யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன். மே மாதம் ஃபெர்குசன் ஓய்வு. புதிதாக வந்த மோயஸ் அவரைக் கேட்டு வாங்கியவர் இல்லையே. லீக்கில் இரண்டே ஆட்டம், அதுவும் மாற்று ஆட்டக்காரராக. பிறகு தன் பழைய கிளப்பான கிரிஸ்டல் பேலஸுக்கே திரும்பிப் போய் அங்கே கொடிகட்டிப் பறந்தார். என்னை நாகர்கோவிலில் பார்த்துத் தேர்ந்தெடுத்த அம்மாவும் நான் வந்த மூன்றாம் வாரம் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என் ஃபைலில் 'ஐசியூ' என்ற சொல்லைக்கூட விட்டுச்செல்லவில்லை.

நம் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வந்து ஐந்து வருடம் ஆனதும் புதிதாக வருகிறவர்களை வெள்ளைக்காரர்களைவிட அதிகம் விரட்டுகிறவர்கள் நம்மவர்களில் உண்டு. "நாங்க படாத கஷ்டமா?" என்று ஆரம்பிப்பார்கள். இன்னொரு கூட்டம், ஒரு பாக்கெட் கறிவேப்பிலையை ரூபாயில் கணக்குப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டும். இவர்கள் சொல்லும் ஒரே மருந்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ". எதை, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது.

மனைவி விஷயத்துக்கு ஆங்கெல் டி மரியா போதும். அவர் சின்ன இடத்திலிருந்து வந்தவரும் இல்லை, ரியல் மாட்ரிட்டிலிருந்து 2014-இல் யுனைடெட்டுக்கு வந்தார். 5 கோடியே 97 லட்சம் பவுண்டு, பிரிட்டனில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை. ஆரம்பம் பிரமாதம். பிறகு அவரை ஓரம், நடு, முன்வரிசை என்று இடம் மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். 2015 தொடக்கத்தில் குடும்பத்தோடு வீட்டில் இருந்தபோதே திருடர்கள் உள்ளே நுழையப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் பாரிஸ் போய்விட்டார். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்டதும் இதே டி மரியாதான். அவர் மனைவி பிற்பாடு டிவியில் மான்செஸ்டரின் இருட்டையும் சாப்பாட்டையும் திட்டித் தீர்த்தபோது இந்த ஊரே சிரித்தது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி வந்தது 2003 டிசம்பரில். நாலு மணிக்கு முன்பே இருட்டு. நான் லாங் டே என்கிற நீண்ட பகல் ஷிஃப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வந்தால் லைட்டுகூடப் போடாமல் ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். கண்ணாடி ஜன்னலில் விரலால் கோடு போட்டு வைத்திருப்பாள், ஊருக்குப் போக எத்தனை நாள் என்று. ஆகவே நவம்பர், டிசம்பரில் அழைக்காதீர்கள். ஏப்ரலில் வரட்டும். வெளிச்சம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே நிற்பார், பேச ஆள் கிடைக்கும்.

ஃபோர்லான் கதையை முடிக்கவில்லையே. அந்த டிசம்பர் முதல் தேதி ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல். முதலாவது, கோல்கீப்பர் டூடெக் காலிடுக்கில் பந்தை நழுவவிட்டதால் வந்தது. அதனால் என்ன? அன்றிலிருந்து போர்ட்டர்கள் குப்பை எறியும்போது வேறு பெயரைக் கத்தினார்கள். ஆனாலும் அவர் இங்கே நிலைக்கவில்லை. அவரே பின்னாளில் சொன்னது: ஈரத் தரைக்கு, அடியில் நீளமான ஸ்டட் என்கிற முளைகள் வைத்த பூட்ஸைத்தான் போட வேண்டும் என்று ஃபெர்குசன் சொல்லியிருக்கிறார். இவருக்குக் குட்டை ஸ்டட்தான் பழக்கம். செல்சியோடு ஆட்டத்தில் அதையே போட்டுக்கொண்டு போய், கோலுக்கு நேர் எதிரே வழுக்கிவிட்டார். உடைமாற்றும் அறைக்கு ஓடி ஃபெர்குசன் வருவதற்குள் மாற்றிவிடப் பார்த்தார், முடியவில்லை. பூட்ஸ் பறந்தது. யுனைடெட்டுக்கு அதுவே அவருடைய கடைசி ஆட்டம். வில்லாரியல் போய் முதல் சீசனிலேயே 25 கோல், ஸ்பெயினில் அந்த வருடம் அவரைவிட அதிகம் போட்டவர் இல்லை. 2010 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான்.

எனக்கும் அந்த வழுக்கல் உண்டு. கடப்புற மணலில் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவன். போர்ட்டர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாட் ஃபீல்ட்ஸ் பூங்காவுக்கு ஆடக் கூப்பிட்டார்கள். ஊரில் வாங்கிய கேன்வாஸ் ஷூவோடு போனேன். மணலில் பந்தைக் கிளப்பி ஆடியே பழகிய கால், சேற்றுப் புல்லில் ஊன்றியதும் இரண்டும் இரண்டு பக்கம் போயிற்று. மல்லாந்து கிடந்தேன். சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கியவர், அடுத்த வாரம் தன் மகனின் பழைய பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அரை சைஸ் பெரிது. முன்னால் பஞ்சு வைத்து இரண்டு வருடம் போட்டேன்.

மற்றவை: இட்லி அரிசி லாங்சைட் பக்கம் கிடைக்கும். நம் ஊர் லைசன்ஸில் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம், கார் அவசரமில்லை. வாடகை எனக்குத் தெரியாது. பிளாட் ஃபீல்ட்ஸில் ஞாயிறு காலை பத்து மணிக்கு இன்னும் ஆடுகிறோம், நான் இப்போது கோலில் நிற்பதோடு சரி. ஷிஃப்ட் இல்லையென்றால் வாருங்கள். புல் ஈரமாக இருக்கும், நீள ஸ்டட்.