வார்டு கவுன்சிலர் உண்மையில் என்ன செய்தார் என்று எப்படிப் பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதிக் கவுன்சிலர் ஒருவர் வடிகால், மின்வெட்டு, வேலையின்மை, குற்றம் என்று எல்லாவற்றையும் பேசுகிறார். செய்வது எது என்பதுதான் கேள்வி.

முதலில் அவர் பேசும் விஷயம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். குடிநீர், கழிவுநீர், குப்பை, உள்ளூர்த் தெரு, மின் விநியோகம் ஆகியவை டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி நகராட்சியின் வேலை. பள்ளியும் மருத்துவமனையும் மாகாணத்துடையவை, குற்றங்களை விசாரிக்கும் போலீஸ் தேசிய அரசுடையது. அவற்றில் கவுன்சிலர் குரல் கொடுக்கலாம், அவ்வளவுதான். மேடைப் பேச்சில் பாதி இந்த வகைதான்.

அடுத்தது பட்ஜெட். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். வரைவு அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், நகராட்சி மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மக்கள் கருத்துச் சொல்லும் காலமும் அப்போதுதான். அந்த வரைவில் உங்கள் வார்டு எண்ணைத் தேடுங்கள். "வடிகால் சீரமைப்பு" என்று மேடையில் கேட்டது அங்கே தொகை எதுவும் இல்லாமல் வெறும் தலைப்பாக நின்றால், இந்த ஆண்டு மண்வெட்டி விழாது.

சாலையில் குழாய் கசிந்தால் கவுன்சிலருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதோடு நிற்காதீர்கள். நகராட்சியில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். எண் இல்லாத புகாரைப் பின்தொடர்வது அவருக்குக் கடினம்.

வார்டு மக்களின் பிரதிநிதிகள் அடங்கிய வார்டு கமிட்டிக்குக் கவுன்சிலரே தலைவர். அதன் கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். கலந்துகொள்ள வேண்டிய மன்றக் கூட்டங்களுக்கு அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று முறை வராதவர் பதவி இழக்க நேரிடும். நடத்தை விதிப் புகார்கள் மன்றச் சபாநாயகருக்குப் போகும்.